பட்டியல் சிவந்த பிற்பகல்

மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. திரையில் நாற்பத்தொரு வரிகள். நாற்பத்தொன்றும் சிவப்பு.

காலையில் அதே நாற்பத்தொரு வரிகளும் பச்சையாக இருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் சேர்த்தேன். ஒளிபரப்பத் தயார் என்றால் வரி பச்சையாகும். வாழ்க்கையில் முதல்முறை ஒரு சர்வரைத் தொட்டு வேலை செய்கிறேன், அதுவும் நான் சொன்னதைக் கேட்கிறது!

சேகர் பட்டியலை ஒருமுறை மூடித் திறந்தார். டீ கிளாஸ் அவர் கையில் அப்படியே நின்றது.

"அக்கா, இங்க இருந்த பாட்டெல்லாம் எங்க?"

"எங்க போவும்? லிஸ்ட்டுல ஏத்தியாச்சு."

"லிஸ்ட்டுல ஏத்தினீங்க, சரி. பாட்டு எங்க?"

"அதான் ஏத்திட்டேன்னு சொல்றேனே. ஏத்தினதுக்கு அப்புறம் அது எதுக்கு? அழிச்சிட்டேன்."

"குப்பைக் கூடைல இருக்குமா?"

"அதையும் காலி பண்ணிட்டேன்" என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வேலையை அரைகுறையாக விடும் பழக்கம் எனக்கு இல்லை.

சேகர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஸ்டூலைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒளிபரப்புக்கு மூன்று மணி நேரமும் ஐந்து நிமிடமும் இருந்தது.

ஒரு கடிதம்

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் அரக்கோணம் வாசகர் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். 'சின்ன வயதில் திருவள்ளூர் ஸ்டேஷனில் நின்று மின்சார ரயில் வரும் நேரத்தை நொடிக் கணக்கில் எழுதிவைத்தேன் என்கிறீர்கள். படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்திலும் முடித்த தேதி போடுவேன் என்கிறீர்கள். ஆனால் டி.வி. கதைக்கு வந்தால் மட்டும், ஏதோ ஓர் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மழுப்புகிறீர்களே, ஏன்?'

நியாயமான கேள்வி. இன்றைய அத்தியாயமே அதற்குப் பதில்தான். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பொட்டி வந்த கதை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய, அகலத்திரை டி.வி. இன்னும் எல்லா வீட்டுக்கும் வராத வருடங்கள். புதுவாயல் கூட்டு ரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில், எங்கள் உள்ளூர் சேனலின் கட்டுப்பாட்டு அறை. மணவாள நகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து போவேன். என் வேலை டேப் அறை. டேப்புகளை அடுக்குவது, வரிசைப்படி ஒளிபரப்பு டேப்பில் ஏற்றுவது, நோட்டில் எழுதுவது.

உரிமையாளர் ஹபீப் பாய் பழவேற்காட்டுக்காரர். அவர் குடும்பம் தலைமுறையாக வியாபாரக் குடும்பம். இறாலில் தொடங்கி, கயிறு விற்று, கேபிளில் வந்து நின்றவர். "கவுறும் ஒயரும் ஒண்ணுதாம்மா. ரெண்டையும் முடிச்சு போடத் தெரியணும்" என்பார்.

சேகர் கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் மின்பலகை பழுதுபார்த்தவர். முப்பது வயதுக்காரர். அவர்தான் பாயிடம் விடாமல் சொல்லிச் சொல்லி சர்வரை வாங்க வைத்தார். இதற்காக ஆலை வேலையையும் விட்டார். அவர் இடத்தில் அங்கே வேறு ஆள் சேர்ந்தாயிற்று.

பெட்டி வந்த நாள் எனக்குத் திருவிழா. ஆள் உயரத்தில் இரும்புச் சட்டம், கண்ணாடிக் கதவு, உள்ளே கறுப்புப் பெட்டி. நான்கு ஹார்ட் டிஸ்குகள். காதை வைத்தால் உள்ளே மழைத்தூறல் மாதிரி ஒரு சத்தம். கீழே தேசிய நெடுஞ்சாலையில் லாரி போனால் எங்கள் தளமே அதிரும். அதனால் டயர் கடையிலிருந்து ரப்பர் துண்டுகள் வாங்கி நான்கு காலுக்கும் செருப்புப் போட்டோம்.

"எத்தினி டேப்பு இதுக்குள்ள போவும்?" என்று பாய் கேட்டார்.

"நம்ம ரூமுல கீற எல்லாமும் போவும், பாய்" என்றார் சேகர்.

பாய் பெட்டியைச் சுற்றி வந்தார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்.

"மொத நாளு ஆறு மணிக்கு ஆரம்பிச்சு நிகழ்ச்சி முடியற வரைக்கும் திரை ஒரு செகண்டு கறுக்கக் கூடாது. கறுத்தா ஊட்டு போனு எடுத்து எடுத்து எனக்குக் காது போவுது. கறுத்துச்சு, பொட்டி கடைக்குத் திரும்பிப் போவும். சேகரு, நீயும் அதே வண்டில ஏறிக்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பாய் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் மாற்றிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

முதல் நாள் நிகழ்ச்சியும் சாதாரணமானதல்ல. தொழிற்பேட்டைப் பாட்டுப் போட்டி. பன்னிரண்டு தொழிலாளர்கள், மூன்று சுற்றுகள். புதுவாயல் கல்யாண மண்டபத்தில் மூன்று ஞாயிறுகள் படம் பிடித்தது. முடிவு என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. டீக்கடை டீக்கடையாக அதே பேச்சு.

சிவப்புக் கோடு

இப்போது என் குற்றத்தை விளக்க வேண்டும். அதற்கு டேப் அறையின் வழக்கம் தெரிய வேண்டும்.

கேமராவிலிருந்து டேப் வரும். அதிலிருந்து வேண்டியதை ஒளிபரப்பு டேப்பில் பதிவேன். பதிந்ததும் நோட்டில் அந்த வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்குப் பொருள், மூல டேப்பின் வேலை முடிந்தது. பிறகு அதை அழிப்பான் பெட்டிக்குள் விடுவேன். அது ஒரு பெரிய மின்காந்தம். 'ம்ம்ம்' என்று உறுமும். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டேயே போக வேண்டும். ஒருநாள் மறந்துபோய், நாலே காலுக்கு என் கடிகாரம் நிரந்தரமாக நின்றது.

டேப்புகள் எங்களிடம் குறைவு. கேமரா யூசுப் எப்போதும் வாசலில் நிற்பார். "அக்கா, அழிச்சாச்சா? மண்டபத்துல தாலி கட்டிடுவாங்க, சீக்கிரம்!" அதனால் பதிவது, கோடு போடுவது, அழிப்பது எல்லாம் எனக்கு ஒரே மூச்சு. ஆறு வருடத்தில் ஒரு தவறும் இல்லை.

சர்வர் வந்ததும் பாட்டு டேப்புகளை நான்கு நாட்களில் அதற்குள் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் பெயர், ஆலை, சுற்று, நீளம், குறிப்பு. நீளத்தை நிமிடம், நொடியோடு நிறுத்த மாட்டேன். ஒரு நொடி வீடியோவில் இருபத்தைந்து பிரேம், அதாவது தனித்தனிப் படங்கள். கடைசி பிரேம்வரை எழுதுவேன். சேகர்கூடக் கேலி செய்தார். "பிரேம எண்ணி இன்னா பண்ணப் போறீங்க, ஊறுகா போடப் போறீங்களா?"

ஏற்றியதும் டேப்புகளுக்குச் சிவப்புக் கோடு. அழித்து யூசுப்பிடம் கொடுத்தேன். அதுவரை சரி.

ஞாயிறு காலை அந்தக் கிளிப்புகளை, முப்பத்தாறு பாட்டு, நடுவர்களின் பேச்சு நான்கு, தொடக்க உரை ஒன்று, மாலை ஒளிபரப்புப் பட்டியலில் வரிசையாகச் சேர்த்தேன். என் மனதில் பட்டியல்தான் புது ஒளிபரப்பு டேப். பாட்டு அதில் ஏறியாயிற்று. ஆகவே மூலத்தின் வேலை முடிந்தது. இரண்டாவது சிவப்புக் கோடு. அழித்தேன். மணி இரண்டு நாற்பது என்று பக்கத்திலேயே குறித்தேன். டிஸ்கில் காலி இடம் விறுவிறுவென்று ஏறியதைப் பார்த்து எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

தரையில் உட்கார்ந்திருந்த சேகர் இதையெல்லாம் கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, லிஸ்ட்டுங்கறது கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதுல பேரு போட்டுட்டா மாப்ள அந்தக் காயிதத்துக்குள்ள வந்து குந்திக்குவாரா? அவரு ஊட்லதான் இருப்பாரு. நீங்க ஊட்டையே இடிச்சிட்டீங்க."

பாட்டுகள் டேப்பிலும் இல்லை, சர்வரிலும் இல்லை. பன்னிரண்டு பேர், மூன்று ஞாயிறு. அந்த வண்டியில் ஏறிப் போக வேண்டியவர் சேகர். காரணம் நான்.

"பாய்கிட்ட நான் சொல்றேன்" என்று எழுந்தேன்.

"இருங்க." அவரும் எழுந்துவிட்டார். முகம் மாறியிருந்தது. "அழிச்சதுக்கு அப்புறம் இதுல எதுனா ஏத்துனீங்களா?"

"கிரைண்டர் வெளம்பரம் ஒண்ணு. ஒரு ஆளு கொண்ணாந்து குடுத்தாரு. ரெண்டு நாப்பத்தஞ்சுக்கு ஏத்துனேன்."

"அது ஒண்ணுதானே? வேற யாரும் எதையும் தொடாதீங்க! யூசுப், டேப்பு ஏத்தற ஒயரப் புடுங்கு!"

பேர் இல்லாத நாற்பது பேர்

அன்று நான் கற்றது இன்றும் எனக்கு அதிசயம். என் அழிப்பான் பெட்டி டேப்பை அழித்தால் அழித்ததுதான். டிஸ்கில் அப்படி இல்லை.

"அழிச்சா பேருதான் போவும்கா. படம் அங்கியேதான் படுத்துக்கினு கீது. மேல வேற எதுனா எழுதற வரைக்கும் அது போவாது. புது டிஸ்க்கு வேற, ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா எழுதி இருக்கும். தேடிடலாம்."

ஆலையில் ஒருமுறை அளவுக் கணினி கெட்டபோது அழிந்ததை மீட்க அவர் பயன்படுத்திய ஒரு மென்பொருள் சி.டி. பைக்குள் இருந்தது. படத்தொகுப்புக் கணினியிலிருந்து காலி டிஸ்க் ஒன்றைக் கழற்றி, சர்வருக்கு வெளியே தற்காலிகமாக ஒயரில் மாட்டினார். கிடைப்பது எல்லாம் அதில் வந்து விழும்.

முதல் கிளிப் வந்தபோது கணினி 'டிங்' என்றது. நான் கைதட்டிவிட்டேன். இரண்டு. மூன்று. யூசுப் ஏலக்காரர் மாதிரி உரக்க எண்ண ஆரம்பித்தார். இருபது தாண்டியதும் கீழே டயர் கடையிலிருந்து ஆட்கள் மேலே வந்து, என்ன ஏது என்று தெரியாமலே கூட எண்ணினார்கள். நாலே முக்காலுக்கு நாற்பது.

நாற்பதும் வெறும் எண்கள். பெயர் ஒன்றுக்கும் இல்லை.

"தொறந்து மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடும்ல?" என்றார் யூசுப்.

தெரியும், ஆள் யார் என்று. எந்தச் சுற்று என்று தெரியாது. ஆலைச் சீருடையில் பாடினால்தான் அனுமதி என்று நிர்வாகங்கள் சொல்லியிருந்தன. அதனால் மூன்று ஞாயிறும் அதே சட்டை, பின்னால் அதே நீலத் திரை. அதைவிட மோசம், ஆளாளுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றுதான். மூன்று சுற்றிலும் அதையே பாடியிருந்தார்கள். முதல் சுற்றில் இறுதிப் பாட்டு ஓடினால் போட்டியே சிரிப்பாகிவிடும்.

சேகர் தலையில் கைவைத்தார். நான் நோட்டைத் திறந்தேன்.

"சேகர், ஒவ்வொண்ணும் எவ்ளோ நீளம்னு அது காட்டுதா?"

"காட்டுதே. நிமிஷம், செகண்டு..." அவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். "பிரேமு."

"படி" என்றேன்.

அடுத்த ஐம்பது நிமிடங்களை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் எண்ணைப் படிப்பார், என் விரல் நோட்டில் இறங்கும். "மூணு, அம்பத்தொண்ணு, பதினேழு." "வார்ப்படம் ராமலிங்கம், ரெண்டாஞ் சுற்று!" "மூணு, அம்பத்தொண்ணு, ரெண்டு." "அவரேதான், மொத சுற்று!" பதினைந்து பிரேம் என்பது ஒரு நொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் ஒரு மனிதர் சுற்று மாறி உட்கார்ந்தார்.

நடுவில் போன் அடித்தது. நாகராஜு. போட்டியாளர்களில் ஒருவர், எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர், லேத் எனும் கடைசல் பிரிவு.

"அக்கா, எங்க நைனா ஊர்லேர்ந்து வந்துகீறாரு. டீக்கடைல மொத பெஞ்சு புடிச்சி குந்த வெச்சிருக்கேன். என் பாட்டு கண்டிப்பா வருமில்ல?"

"மூணு வாட்டியும் வரும்ப்பா."

"மொதல்ல எது வரும்?"

"அதத்தான் பாத்துக்கினு கீறேன்" என்று வைத்தேன்.

விளையாட்டுப் போல, அவரிடமே சிக்கினோம். முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் நான்கு நிமிடம், பன்னிரண்டு நொடி, எட்டு பிரேம். ஒரு பிரேம்கூட வித்தியாசம் இல்லை. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர் வேறு எப்படிப் பாடுவார்!

நோட்டின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'மூன்றாம் சுற்று. முடிவில் ஆலைச் சங்கு கேட்கிறது.' இரண்டின் வாலையும் ஓட்டினோம். ஒன்றில் கைதட்டல் மட்டும். மற்றதில் கைதட்டலுக்கு அடியில், தூரத்தில், ஊஊ என்று சங்கு. யூசுப் என் நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாற்பதுக்கும் பெயர் வந்தது. நாற்பத்தொன்றாவதை மட்டும் காணோம். எங்கே தேடியும் அந்த இடத்தில் கிரைண்டர்தான் மாவரைத்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாற்பத்தைந்துக்கு ஏற்றிய விளம்பரம் சரியாக அதன் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

அது ஹபீப் பாயின் தொடக்க உரை. பட்டியலில் முதல் வரி. பதினேழு முறை எடுத்து, பதினெட்டாவது முறை சரியாக வந்தது.

ஆறு மணி

உரையைத் தேடியதில் பத்து நிமிடம் போய்விட்டது. ஐந்து ஐம்பதுக்கு சேகர் சர்வரை அணைத்து, பாட்டுகள் இருந்த டிஸ்கை அதற்குள் மாட்டத் தொடங்கினார். வாயில் திருகாணி, கையில் திருப்புளி. ஆறு மணிவரை ஒளிபரப்பில் பழைய டேப் ஒன்று ஓடியது. அது எந்த பிரேமில் முடியும் என்பது எனக்கு மனப்பாடம்.

அந்த நேரத்தில் பாய் படியேறி வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஸ்வீட் பாக்கெட்.

"இன்னா, எல்லாம் ரெடியா? மொதல்ல நான்தானே?"

"நீங்கதான் பாய்" என்றேன். "ஆனா நேரடியாப் பேசணும். இந்த ஸ்டூல்ல குந்துங்க."

"எதுக்கு? அதான் பதினேழு வாட்டி உசுர வாங்கினீங்களே!"

"ஒரு சின்ன பேஜாரு. அப்புறம் சொல்றேன். யூசுப், கேமரா!"

சர்வரின் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே போய்க்கொண்டிருந்தன. உயிர் வர இன்னும் நான்கு நிமிடம் ஆகும் என்று சேகர் விரலால் காட்டினார். டேப் முடிந்தது. கேமராவுக்கு மாற்றினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் பாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நொடி. இருபது நொடி. நெற்றியில் வேர்வை. திரை இன்னும் கறுக்கவில்லை. ஆனால் மனிதர் எழுந்து ஓடிவிடுவார் போலிருந்தது. நான் குனிந்து போய் என் நோட்டை அவர் மடியில் வைத்து, பெயர்களைப் படியுங்கள் என்று சைகை காட்டினேன்.

பாய் கண்ணாடியைப் போட்டார். வியாபாரக் குடும்பம், கையில் எழுத்து கிடைத்ததும் தைரியம் வந்துவிட்டது. ஆனால் பெயரோடு நிறுத்தவில்லை. இருந்ததையெல்லாம் படித்தார்.

"நாகராஜு, கடைசல் பிரிவு. நாலு நிமிஷம், பன்னெண்டு செகண்டு, எட்டு பிரேமு. ராமலிங்கம், வார்ப்படம். ரெண்டாவது சரணத்துல சுருதி எறங்கிடுச்சு. மூக்கு அடைப்பு போல."

கீழே டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையிலிருந்து சிரிப்பு மாடிவரை கேட்டது. பாய்க்கு உற்சாகம் ஏறிவிட்டது. பன்னிரண்டு பேரையும் படித்தார், மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, மேடையில் தடுக்கியது எல்லாவற்றோடும். அப்படியே பக்கத்தின் அடிக்கு வந்தார்.

"டேப் அழித்தாயிற்று. சர்வரிலும் அழித்தாயிற்று. மணி ரெண்டு நாப்பது."

நிறுத்தினார்.

கண்ணாடிக்கு மேலே கண்களைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, கத்த முடியாது. பாய் மெதுவாகக் கேமரா பக்கம் திரும்பி, ஒரு வியாபாரியின் முழுச் சிரிப்பைச் சிரித்தார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு எழுதிகீது. ஆனா வரும். பாருங்க."

பட்டியலில் முதல் வரி மட்டும் சிவப்பாகவே இருந்தது. அதன் கீழே நாற்பதும் மளமளவென்று பச்சையாயின. சேகர் கட்டைவிரலைத் தூக்கினார். நான் பொத்தானை அழுத்தினேன். நீலத் திரைக்கு முன்னால் நாகராஜு வந்து நின்று தொண்டையைச் செருமினார். கீழே பெஞ்சு ஒன்று கவிழும் சத்தம் கேட்டது. அவர் நைனா எழுந்து நின்றிருக்க வேண்டும்.

சாவி

கடைசிப் பாட்டு முடிந்து சங்கும் ஊதியபின் பாய் கேட்டார். "கறுத்துச்சா?"

"இல்ல பாய்" என்றார் சேகர்.

"ஒரு செகண்டு?"

"ஒரு பிரேமுகூட இல்ல" என்றேன் நான்.

பாய் ஸ்வீட் பாக்கெட்டைப் பிரித்து முதலில் சேகருக்குக் கொடுத்தார். அதற்கு அர்த்தம் என்ன என்று மூவருக்கும் தெரிந்தது. சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மென்றார்.

எனக்கு ஒன்றும் தரவில்லை. என் நோட்டை எடுத்தார். சர்வரின் கண்ணாடிக் கதவைத் திறந்து, கறுப்புப் பெட்டிக்கு மேலே அதை வைத்தார். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இன்னிலேர்ந்து இது பொட்டியோட பார்ட்டு. எழுதணும்னா என்னாண்ட சாவி கேளு. அழிக்கணும்னா சேகராண்ட கேளு. இந்தா, ஸ்வீட்டு."

நான் அங்கிருந்து விலகி வருடங்கள் ஆகின்றன. சர்வர் இரண்டுமுறை மாறிவிட்டதாம். ஒவ்வொரு முறையும் பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு முதலில் மாற்றப்பட்டது அந்த நோட்டுதான் என்று சேகர் போனில் சொன்னார்.

ஆக, அரக்கோணம் வாசகருக்கு: அந்த ஞாயிற்றின் தேதி, நிமிடம், நொடி, பிரேம் உட்பட, புதுவாயலில் பத்திரமாக இருக்கிறது. சாவிதான் என்னிடம் இல்லை.